வால் வந்தாச்சு

“ஒன்பது. வால் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு வாக்கி-டாக்கியின் பட்டனிலிருந்து முதலாளி கட்டைவிரலை எடுத்த பிறகு, கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவில் இன்னொரு குரல் “பத்து” என்றது.

மெல்லிய குரல். வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வருமா வராதா என்ற சந்தேகத்தோடு வாய் திறக்கிறவரின் குரல். முதலாளி யோசிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் பாத்திரக் கடை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவரின் நாக்கு அது. வாசலில் ஒரு நிழல் தட்டினால் போதும், வந்தது வாங்க வந்தவரா, வரி கேட்க வந்தவரா, மழைக்கு ஒதுங்கியவரா என்று கண் பார்த்து முடிப்பதற்குள் நாக்கு கூப்பிட்டுவிடும். மறுபடி பட்டனை அழுத்தி, “வாங்க, வாங்க” என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இருப்பதே ஒன்பது வண்டிதான்.

கார் ஓட்டுவதில் பித்துப் பிடித்தவர்களாகப் பொறுக்கியெடுத்து, விமானம் ஏற்றி, அந்நிய தேசத்தில் கொண்டுபோய் இறக்கி, வண்டிக்கு இருவராகச் சாவியைக் கையில் கொடுத்து, மலையும் ஏரியுமாக எட்டு நாள் வரிசையாக ஓட்டவைக்கிற பயணம் அது. ஒன்பதும் ஒரே ரகம், ஒரே வெள்ளை. கதவில் ஒட்டிய எண்ணை வைத்துத்தான் எது யாருடையது என்று தெரியும். எட்டு வண்டியில் ஜோடி ஜோடியாக ஆள் இருந்தது. ஒன்பதாவதில் முதலாளி மட்டும். பக்கத்து இருக்கையில் அவருடைய குளிர்சட்டை உட்கார்ந்திருந்தது.

முதலாளி என்பது இந்தக் கூட்டம் வைத்த பெயர். கடையில் இப்போது முதலாளி அவருடைய மகன். “நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா” என்று மகன் சொன்ன மறுநாளே கல்லாவுக்குப் பின்னால் புதிதாகச் சுழல் நாற்காலி வந்துவிட்டது. வீட்டில் ரெஸ்ட் எடுக்கலாமென்றால் வீட்டில் ஆள் வேண்டும். மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிய மனைவி, “பேரனுக்குப் பல் முளைச்சதும் வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அந்தப் பல்லாலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் கடித்து வைத்ததாகப் புகார்கூட வந்துவிட்டது. மனைவி வரவில்லை.

வாலாக அவர் வந்த கதை வேறு. முதல் நாள், வழிகாட்டியான கேப்டன் எல்லோரையும் நிறுத்தி இரண்டு விதி சொன்னான். ஒன்று, பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் எப்போதும் உன் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நின்று, அது வந்த பிறகு நகர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் பிறகு ஒன்றிலிருந்து வரிசையாக எண் சொல்ல வேண்டும். கடைசி வண்டி “வால் வந்தாச்சு” என்று சொன்னால்தான் முதல் வண்டி அடுத்த அடி எடுத்து வைக்கும். “வால்தான் சார் இதுல ரொம்பப் பொறுப்பான இடம். அனுபவம் உள்ளவங்களுக்குத்தான் கொடுப்போம்” என்று கேப்டன் இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதே, போகாத சரக்கைத் தள்ளிவிடுகிறான் என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. அந்த வித்தையில் இவர் தலை நரைத்தவர். ஆனாலும் வாங்கிக்கொண்டார். ஒரு நாளைக்கு இருபது தடவை, பதினாறு பேர் இவர் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை.

மதியம் ஏரிக்கரைக் காப்பிக்கடை ஒன்றில் எல்லோரும் இறங்கினார்கள். எட்டாவது வண்டிக்காரர் பல் டாக்டர். அவரும் அவர் மனைவியும் வெயில் பட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன டாக்டரே, நம்மகிட்டயே விளையாட்டா? பத்துன்னு குரல் கொடுத்தது நீங்கதானே?”

“நான் எதுக்குங்க கொடுக்கறேன்? நீங்கதான் திடீர்னு ‘வாங்க வாங்க’ன்னீங்க. இவ பயந்துட்டா.”

“நான் ஒண்ணும் பயப்படலை” என்றார் டாக்டரின் மனைவி. “ரோட்டுல போற வண்டியையெல்லாம் கடைக்குள்ள கூப்பிடுறாரு, பழக்கதோஷம்னு நெனச்சேன்.”

“நெஜமாவே ஒருத்தர் பத்துன்னாரும்மா. உங்க காதுல விழலையா?”

“ஒன்பதோட முடிஞ்சுபோச்சே.”

காப்பிக் கோப்பையோடு வந்த கேப்டன், “பக்கத்துல வேற குரூப் போனா அவங்க பேச்சு கலந்து கேக்கும் சார்” என்றான். “சேனலை மாத்திடுறேன்.”

முதலாளி தலையாட்டினார். வேறு கூட்டமாகவே இருக்கட்டும். அவர்களும் தமிழிலேயே பத்து என்றா சொல்வார்கள்? கேட்க நினைத்தார். ஆனால் அதற்குள் எல்லோரும் ஏரியை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். இவரைத்தான் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தார்.

பிற்பகல் முழுக்கச் சாலை ஒரு ஆற்றை ஒட்டியே ஓடியது. இரண்டு பக்கமும் கரும்பச்சை மரங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை ஏசி வழியாக உள்ளே வந்தது. இன்ஜினின் ஓசை சீராக, கொதிநிலைக்கு முந்தைய உலைபோல முனகிக்கொண்டிருந்தது. வண்டி சொல்கிற பேச்சு முதலாளிக்குப் புரியும். கடைக்குச் சரக்கு ஏற்றி வந்த பழைய வேனை இருபது வயதில் ஓட்டிய காலத்திலிருந்தே, எந்த உறுப்பு எங்கே நோகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காது இப்போது ஒன்றைப் பிடித்தது. தன் வண்டியின் முனகலுக்கு அடியில் இன்னொரு முனகல். அதே ரகம், அதே சுருதி. இவர் கியரை மாற்றினால், ஒரு மூச்சு தாமதித்து அதுவும் மாற்றியது.

கண்ணாடியைப் பார்த்தார். வாலுக்குக் கண்ணாடியில் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது. வெறும் சாலை, அது போதும். ஆனால் வெகு தொலைவில், மரநிழல் சாலையை மூடிய இடத்தில், இரண்டு வெளிச்சப் புள்ளிகள் இருந்தன.

சாலை என்றால் வண்டி வரத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்தார், முந்திக்கொண்டு போகட்டும் என்று. புள்ளிகளும் குறைத்தன. ஏற்றினார். ஏற்றின. விதியில் சொன்ன இடைவெளி, ஒரு முழம் கூடவில்லை, குறையவில்லை. அடுத்த நிறுத்தத்தில் வண்டிகள் ஓரம் கட்டி எண் சொல்லி முடிப்பதற்குள் அவை வந்து சேரவில்லை, கடந்தும் போகவில்லை. தூரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், அவையும் எதற்காகவோ நின்றிருந்தன.

இவர் தன் எண்ணைச் சொல்லிவிட்டு பட்டனை விட்டார். இரைச்சல். பிறகு, அதே மெல்லிய குரல்.

“வரேன்.”

முதலாளிக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா, யாரோ வழி பிரிகிறார்கள். போகிறவர்தானே நம்மில் வரேன் என்பார். கடை வாசலில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எத்தனை பேர் திரும்பியே வராமல் போயிருக்கிறார்கள்! சிரித்துக்கொண்டே கிளம்பினார். மூன்று வளைவு தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

வெளிச்சம் முன்பைவிடப் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலை விடுதி அறையில், ரேடியேட்டர் டக் டக்கென்று சூடாகிக்கொண்டிருக்க, மகனை அழைத்தார்.

“சொல்லுங்கப்பா.”

“சும்மாதான். சாப்டியா?”

“ஆள் இருக்காங்கப்பா கடையில. ஏதாவது முக்கியமா?”

“இல்ல, இல்ல. இங்க நல்ல குளிரு.”

“சரிப்பா. ஸ்வெட்டர் போட்டுக்குங்க. வச்சிடட்டுமா?”

பத்தொன்பது விநாடி. திரையில் காட்டியது. மனைவிக்குப் போட்டார். பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பதாகக் குசுகுசுவென்று சொல்லி வைத்துவிட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒன்பதும் வரிசையாக நின்றன. எண்ணினார். ஒன்பதுதான். ஆனால் ஒன்பதாவதுக்கு அப்பால், காலியாக இருந்த இடத்தில், மற்ற இடமெல்லாம் ஈரமாகப் பளபளக்க, ஒரு வண்டி அளவுக்குத் தரை மட்டும் காய்ந்திருந்தது.

மறுநாள்தான் மலையேற்றம். கணவாயின் உச்சியில் ஒரு சுரங்கப்பாதை இருப்பதாகக் காலையிலேயே கேப்டன் சொல்லியிருந்தான். ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதையில் யாரையும் விடமாட்டார்கள். அதன் வாயில் இரும்பு ஷட்டர் உண்டு. கடைசி வண்டி நுழைந்துவிட்டது என்று தகவல் கொடுத்தால் மறுமுனையிலிருந்தே இறக்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் வீடு கிடையாது, விடுதி கிடையாது, பனிதான். “அதனால யாரும் படம் எடுக்கறேன், கவிதை எழுதறேன்னு நிக்கக் கூடாது. முக்கியமா வால். முதலாளி, உங்க வார்த்தைதான் எங்களுக்கு வேதம்.”

“வேதத்துக்கு முதல்ல ஒரு காப்பி சொல்லுங்க” என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பனி வந்து சாலையை மூடியதுபோல் இல்லை. சாலைதான் பனிக்குள் நுழைந்து, வளைவு வளைவாகக் கரைந்துகொண்டிருந்தது. எட்டாவது வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டும் நனைந்த குங்குமம்போல் மங்கலாகத் தெரிந்தன. வைப்பர் ஒருமுறை போய்வரும் நேரத்துக்குள் கண்ணாடி மறுபடி வியர்த்தது. வண்டிக்குள் ஒரு வாசனை வந்திருந்தது. ரொம்ப நாள் மூடியே வைத்திருந்த வண்டியைத் திறந்தால் வருமே, ஊறிய தரைவிரிப்பும் செத்த பேட்டரியும் கலந்த வாடை, அது. இந்த வண்டியை எடுத்து மூன்று நாள்தான் ஆகிறது.

முதல் நிறுத்தம். எண்கள் வரிசையாக வந்தன. ஏழு. எட்டு. இவர் பட்டனை அழுத்தினார்.

“ஒன்பது. வால் வந்தாச்சு.”

கேப்டனின் குரல் சிரித்தது. “முதலாளி, ஒரு தடவை சொன்னா போதும். கேக்குது.”

“ஒரு தடவைதானே சொன்னேன்?”

“ரெண்டு தடவை கேட்டுச்சு. மலை எதிரொலிக்குது போல.”

மலை எதிரொலிப்பது ரேடியோவுக்குள் கேட்குமா? முதலாளி நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கண்ணாடியில் அந்த வெளிச்சம் இப்போது புள்ளியாக இல்லை. இரண்டு தட்டுகள். பனியில் மிதந்துகொண்டு, அசையாமல், இவர் வண்டியின் பின்கண்ணாடியைப் பாலாக்கிக்கொண்டு.

இரண்டாவது நிறுத்தம். எட்டு என்று டாக்டர் சொல்லி முடித்தார். முதலாளி பட்டனை அழுத்துவதற்கு முன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் நேரம்தான்.

“ஒன்பது. வால் வந்தாச்சு. என்ன கேப்டன், உங்க மலையில சூடா ஏதாவது கிடைக்குமா, இல்ல எங்களையே ஐஸ்ல வச்சு விக்கப்போறீங்களா?”

ரேடியோவில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். டாக்டரின் மனைவி சிரிப்பது தனியாகத் தெரிந்தது. அது முதலாளியின் குரல். அவருடைய அதே அடிக்குரல், வாக்கியத்தின் கடைசியில் வாடிக்கையாளரின் தோளைத் தட்டுவதுபோல் உயர்கிற அதே உயரம். ஆனால் அவர் வாய் திறக்கவேயில்லை.

பக்கத்திலேயே ஒரு கடை திறந்து, இவருடைய பெயரையே பலகையில் எழுதி, இவருடைய ஆட்களை இவர் கூப்பிடுகிற மாதிரியே ஒருவன் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அவன் நன்றாகவே கூப்பிட்டான். இவரைவிட நன்றாக.

மூன்றாவது நிறுத்தத்தில் எல்லோரும் கால் நீட்ட இறங்கினார்கள். முதலாளி வேகமாக, ஏறக்குறைய ஓடி, முதல் வண்டிக்குப் போனார். கேப்டன் கையில் கடிகாரம் வைத்திருந்தான்.

“கேப்டன், எனக்கு நடுவுல இடம் கொடுங்க. வாலை வேற யாருக்காவது கொடுங்க.”

“என்ன சார் இப்ப போயி?”

“எனக்குப் பின்னாடி ஒருத்தன் வர்றான். என் குரல்ல பேசுறான்.”

கேப்டன் அவரை ஒரு நொடி பார்த்தான். டாக்டரும் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மூன்று நாளாக இவர் வாயைத் திறந்தாலே ஜோக். இப்போது மட்டும் எப்படித் தெரியும் அவர்களுக்கு?

“முதலாளி, நீங்க இல்லன்னா இந்த ட்ரிப்பே போரடிச்சிருக்கும்” என்றார் டாக்டர்.

“நெஜமா சொல்றேன் டாக்டரே. பின்னாடி வந்து பாருங்க. வாங்களேன், ஒரு தடவை.”

டாக்டர் நல்ல மனிதர். வந்தார். ஒன்பதாவது வண்டியைத் தாண்டிப் பத்தடி நடந்து, பனியைப் பார்த்து நின்றார். பனிதான் இருந்தது. வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை.

“யாரும் இல்லையே முதலாளி. தனியா ஓட்டறீங்கள்ல, அதான். நைட் சாப்பாட்டுக்கு எங்க டேபிளுக்கு வாங்க. தனியா உக்காராதீங்க.”

அந்த வார்த்தைக்கு முதலாளியின் கண் சட்டென்று நிறைந்தது. எத்தனை நாளாயிற்று யாராவது இப்படிக் கூப்பிட்டு! “வரேன் டாக்டர். கண்டிப்பா வரேன்” என்றார். டாக்டர் திரும்பிப் போனார். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். சுரங்கத்தைத் தாண்டிவிட்டால் ஒரு மேஜை, இரண்டு மனிதர்கள், இவருக்கென்று ஒரு நாற்காலி. அது போதும். தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வண்டிக் கதவைத் திறந்தார். பின் இருக்கை ஜன்னல்கள் உட்பக்கமாக வியர்த்திருந்தன. யாரோ வெகுநேரம் உள்ளே உட்கார்ந்து மூச்சுவிட்டதுபோல.

இருக்கை காலி. மூச்சின் ஈரம் மட்டும்.

கிளம்பினார். எட்டின் சிவப்பு விளக்கைக் கண்ணால் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று. இரண்டு. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார். பார்க்கவில்லை. ஆனால் வண்டிக்குள் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. டாஷ்போர்டு வெளுத்தது. ஸ்டியரிங் பிடித்த விரல்களின் நிழல் முன்கண்ணாடியில் விழுந்தது. பக்கத்து இருக்கையில் குளிர்சட்டையின் நிழல், தலையில்லாத ஆள்போல, நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்ஜின் சத்தம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இவருடையது. ஒன்று காதுக்குப் பக்கத்தில்.

இடது பக்கம் பாறை. வலது பக்கம் பள்ளம். நடுவில் இரண்டு வண்டிக்கு இடமே இல்லை. அந்த இல்லாத இடத்தில் அது ஏறி வந்தது. வெள்ளை. அதே ரகம். பின்சக்கரத்துக்கு நேராக, பின்கதவுக்கு நேராக, முன்கதவுக்கு நேராக. கதவில் எண். ஒன்பது. இவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குள் ஒரு தோள். இவர் இன்று போட்டிருக்கிற கட்டம் போட்ட சட்டை. ஸ்டியரிங்கில் இரண்டு கை. தலை முன்னால் மட்டுமே பார்த்தது. போகிற வழியில் நிற்கிறவர்களை இவர் என்றைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. அதுவும் பார்க்கவில்லை.

கடந்துபோயிற்று.

இவருக்கும் எட்டுக்கும் நடுவில் நுழைந்துகொண்டது. ஒரு முறை ஹெட்லைட்டை அணைத்து ஏற்றியது. பின்னால் இருக்கிறேன் என்பதற்கு இந்தக் கூட்டத்தின் சைகை. முன்னால் டாக்டரின் வண்டி, பார்த்துவிட்டேன் என்று பதிலுக்குப் பின்விளக்கைச் சிமிட்டியது.

முதலாளி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இன்ஜின் இருமியது. மறுபடி மிதித்தார். இருமி, நின்றது.

சாவியைத் திருப்பினார். டிக். டிக். சிவப்பு விளக்குகள் பனிக்குள் போய்க்கொண்டிருந்தன. டிக். வாக்கி-டாக்கியைப் பிடுங்கி வாயில் வைத்தார்.

“கேப்டன்! நான்தான்! நிறுத்துங்க! வண்டி நின்னுபோச்சு! கேப்டன்!”

பட்டனை விட்டார்.

“யாரோ பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கீங்க. வெறும் இரைச்சல்தான் வருது. விரலை எடுங்க ப்ளீஸ்.”

டிக். டிக். டிக். பிடித்துக்கொண்டது. வண்டி துள்ளியது. ஓட்டினார். எத்தனை வளைவு? தெரியவில்லை. பனியும் டயரும் மட்டும். மூக்கில் அந்த வாடை. இப்போது அது தரைவிரிப்பிலிருந்து வரவில்லை. இவர் சட்டையிலிருந்து வந்தது.

ரேடியோ எண்ணத் தொடங்கியது. அவர்கள் சுரங்கத்துக்குள் போய்விட்டார்கள். ஒவ்வொரு எண்ணும் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. இவர் மிதித்தார். நான்கு. ஐந்து. தூரத்தில் மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. சுரங்க வாய். விளக்கு எரிந்தது. திறந்திருந்தது. ஆறு. ஏழு. இன்னும் இருநூறு அடி. எட்டு.

“ஒன்பது. வால் வந்தாச்சு.”

“முதலாளி, உங்களுக்குப் பின்னாடி யாரும் இல்லையே? ஷட்டரை இறக்கச் சொல்லிடட்டுமா?”

“இருக்கேன்!” என்று கத்தினார். “நான் இருக்கேன்!”

சின்ன இடைவெளி. பிறகு அந்தக் குரல், இவருடைய குரல், நிதானமாக, ஒருவித இரக்கத்தோடுகூட, சொன்னது.

“எனக்குப் பின்னாடி யாருமே இல்ல, கேப்டன். இறக்கச் சொல்லுங்க.”

ஷட்டர் இறங்கும் சத்தம் அவருக்குத் தெரியாததா? ஆனால் இத்தனை பெரிதாக அவர் கேட்டதில்லை. மலையே பல்லைக் கடித்ததுபோல் இருந்தது. பம்பர் இரும்பில் இடித்து நின்றது. இறங்கி ஓடி, இரண்டு கையாலும் அடித்தார். உள்ளங்கையில் குளிர் ஒட்டியது. அடிமட்டத்தில் ஒரு விரல் அளவு இடுக்கு. குனிந்து பார்த்தார். சுரங்கத்தின் நீளத்தில் சிவப்பு விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியாக இருந்த ஜோடி ஒருமுறை கூடத் தயங்கவில்லை. இடுக்கு மூடிக்கொண்டது.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. மகன் உடனே எடுத்தான்.

“என்னப்பா, எதையாவது மறந்துட்டீங்களா? இப்பதானே வச்சீங்க.”

“எப்போடா?”

“இப்பதான். அரை மணி நேரம் பேசிட்டு.” மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இவர் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. “அப்பா, ஒண்ணு சொல்லட்டா? நாம இப்படிப் பேசினதே இல்ல. அம்மாகிட்டயும் பேசினீங்களாமே. அழுதுட்டாங்களாம். டிக்கெட் போடச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் வர்றாங்க, உங்களோடவே இருக்கப்போறாங்களாம்.”

“டேய், அது நான் இல்லடா. கேளு. நான் இங்க...”

“ஹலோ? யாருங்க? ஒண்ணும் கேக்கல. வெறும் இரைச்சலா இருக்கு. ஹலோ?”

கோடு மறைந்தது.

வண்டிக்குள் வந்து கதவைச் சாத்தினார். உள்ளே அமைதி. சொட்டுகிற தண்ணீர். அவருடைய மூச்சு. ஜன்னல்கள் உட்பக்கமாக வியர்க்கத் தொடங்கின. வந்த வழியே இறங்கிப் போகலாம், அறுபது கிலோமீட்டர், போய்விடலாம். சாவியைத் திருப்பினார். வண்டியைப் பின்னால் எடுக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

பார்த்தபடியே இருந்தார்.

பனி விலகியிருந்தது. கீழே மலை முழுவதும் தெரிந்தது, வளைவுக்குக் கீழே வளைவாக, அடிவாரம்வரை. ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம். இரண்டிரண்டாக. பக்கத்தில் இருந்தவை வெள்ளை. அதற்குக் கீழே மஞ்சள். இன்னும் கீழே, எந்தக் காலத்து வண்டியோ, மங்கிய செம்மஞ்சள். விதியில் சொன்ன இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, எதுவும் அசையாமல், எதுவும் அவசரப்படாமல் நின்றன. இன்ஜின்கள் எல்லாம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன.

அவருக்கு நேர் பின்னால் நின்ற வண்டி, மெதுவாக, ஒரு முறை விளக்கை அணைத்து ஏற்றியது. அதற்குப் பின்னால் இருந்தது அணைத்து ஏற்றியது. அதற்குப் பின்னால். அதற்கும் பின்னால். மலையிலிருந்து கீழே, வளைவு வளைவாக, அந்தச் சிமிட்டல் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. முடிவதாகத் தெரியவில்லை.